மணல் மூட்டைக்குப் பதிலாக

புளியந்தோப்பு
4-2-1934

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் சேதியைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நாங்கள் காரில் போகப் போகிறோம். நான், கன்னியம்மா, குழந்தை வேம்பு, குடும்பத்தோடு மூன்று பேரும். வாடகைக் காரில் இல்லை. எங்கள் கம்பெனியில் பூட்டிய புத்தம் புதுக் காரில்.

நீ நம்பமாட்டாய், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். சீமையிலிருந்து கார்கள் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வந்து துறைமுகத்தில் இறங்குகின்றன என்றும், தண்டையார்பேட்டையில் இருக்கிற எங்கள் கம்பெனியில் அவற்றைப் பூட்டி முழு வண்டியாக்குகிறோம் என்றும் முன்பே எழுதியிருந்தேன். என் வேலை சீட்டுக்குத் தோல் தைப்பது. வண்டி முழுசாக முடிந்ததும் விற்பதற்கு முன்னால் எண்ணூர் வரைக்கும் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆட்கள் ஏறினால் வண்டி எப்படித் தாங்குகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகச் சீட்டுகளில் மணல் மூட்டைகளை வைத்துத்தான் ஓட்டுவார்கள். இவ்வளவு காலமும் அப்படித்தான் நடந்து வந்தது.

இப்போது தொழிலாளர் நலனைக் கவனிக்கவென்றே கம்பெனி ஒருவரை வேலைக்கு வைத்திருக்கிறது. தேவப்பிரியம் என்று பெயர். பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவர், படித்தவர், கோபமே வராத மனிதர். அவர் பெரிய துரையிடம் பேசி உத்தரவு வாங்கிவிட்டார். மாதம் ஒரு வண்டியில் மணல் மூட்டைக்குப் பதிலாக ஒரு தொழிலாளியின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவது என்று. எல்லார் பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கினார். முதல் பெயரே லோகநாதன்.

தோளில் கை போட்டுக்கொண்டு, "கம்பெனிங்கிறது ஒரு குடும்பம், லோகநாதன். வண்டியைச் செய்யறவன் அதுல ஒரு தடவையாவது உக்கார வேண்டாமா?" என்றார். தோளில் கை போட்டு, அக்கா! எங்கள் பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறவர்கள் நூல்கண்டைக்கூட என் கையில் தரமாட்டார்கள், பலகை மேல் வைப்பார்கள், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி கொடுக்கிற டீ எல்லாருக்கும் ஒரே அண்டாவிலிருந்து என்று ஆனதும் அவர்கள் வீட்டிலிருந்தே மோர் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேரிக்காரன் பெயர் முதலில் வந்துவிட்டதே என்று ஒருவன் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. விழட்டும்.

மாமாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? சுரங்கத்தில் அதே ஷிப்டுதானா? உடனே எழுது.

உன் தம்பி,
லோகநாதன்


மாரிக்குப்பம், தங்கவயல்
13-2-1934

தம்பி லோகநாதனுக்கு,

உன் கடிதத்தை உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது. அது நின்று அவர் படுக்கிற வரைக்கும் நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். இனிமேல் சிரிக்கிற மாதிரி சேதி இருந்தால் எனக்கு மட்டும் தனியாக எழுது.

மணல் மூட்டைக்குப் பதிலாக என்றுதானே எழுதியிருக்கிறாய்? நான் இரண்டு தடவை படித்தேன். அதைச் சந்தோஷமாக வேறு எழுதுகிறாய். நம் சனத்துச் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் நம் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். உனக்கு மட்டும் எப்படி இந்தப் புத்தி வந்தது என்று தெரியவில்லை. இருந்தாலும் போய்விட்டு வா. கன்னியம்மா வீட்டுக்கும் குழாயடிக்கும் நடந்ததைத் தவிர என்ன கண்டாள்? அவளுக்காகப் போ.

இனி என் சேதி. பஜாரில் இருக்கிற டாக்டரிடம் உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பாறையைத் துளை போடுகிறபோது பறக்கிற தூசி நெஞ்சில் இறங்கி உறைந்துவிட்டது என்கிறார். இனியும் கீழே இறங்கினால் ரொம்ப நாள் தாங்கமாட்டார், வெளிக்காற்றில் ஏதாவது லேசான வேலை கிடைத்தால் சில வருஷம் நல்லபடியாக இருப்பார் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். லேசான வேலை இந்த ஊரில் எங்கே இருக்கிறது? இங்கே எல்லாமே பூமிக்குக் கீழேதான். வேலையை விட்டால் சுரங்கத்துக்காரர்கள் கொடுத்திருக்கிற தகர வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

நீதான் உன் கம்பெனியைப் பற்றி மூச்சுக்கு மூச்சு பெருமை பேசுகிறாயே. அங்கே காவல்காரன் வேலையோ, பெட்டி உடைக்கிற வேலையோ, எதுவாக இருந்தாலும் சரி, உன் மாமாவுக்கு ஒன்று பார்த்துக் கொடு. நான் உன்னிடம் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

பூவம்மா


புளியந்தோப்பு
26-2-1934

அன்புள்ள அக்கா,

முதலில் மாமாவின் விஷயம். தேவப்பிரியம் ஐயாவிடம் நேற்றே பேசிவிட்டேன். பெட்டிக் கொட்டகையில் ஒரு இடம் காலியாகப் போகிறதாம். காலிப் பெட்டிப் பலகைகளை அடுக்கி வைத்துக் கணக்குச் சொல்லி அனுப்பும் வேலை. நிழலில் உட்கார்ந்து செய்யலாம், கடல் காற்று வரும். நல்ல பெயர் எடுத்த தொழிலாளியின் உறவினருக்குத்தான் முதலில் கொடுப்பது என்று கம்பெனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. "உனக்குக் கெட்ட பேரே கிடையாதே, பாத்துக்கலாம்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். நீ தைரியமாக இரு.

இனி சவாரியைப் பற்றி. கோபித்துக்கொள்ளாமல் படி.

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனி வாசலில் வண்டி நின்றது. அரக்கு நிறம், யாரோ கேட்டுப் பூசச் சொன்ன தனி நிறம். கன்னியம்மா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளங்காலைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுத்தான் ஏறினாள். வண்டி ஓட்டுகிறவர் ராயபுரத்து லியோனார்ட். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க மூணு பேரும் சேந்தாக்கூட வெயிட்டு பத்தாதுபா" என்று சொல்லி ஒரு மணல் மூட்டையைக் கொண்டுவந்து எங்களோடு பின்சீட்டில் வைத்துவிட்டார். வேம்பு அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தேவப்பிரியம் ஐயா எங்களைப் போட்டோ எடுக்க ஏற்பாடு செய்தார். அதைச் சீமைக்கும் அனுப்புவார்களாம்.

காலடிப்பேட்டை தாண்டும்போது கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்திருப்பார்கள். திருவொற்றியூரில் போலீஸ்காரர் ஒருவர் மாட்டு வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். என் வாழ்நாளில் போலீஸ்காரர் எனக்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். கன்னியம்மா சீட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு மெதுவாக, "இது நீ தெச்சதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நீ இன்னா வேலை செய்றேன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது" என்றாள். அக்கா, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று அடித்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

எண்ணூரில் இறங்கிக் கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டு புளிச்சோறு சாப்பிட்டோம். லியோனார்டும் எங்கள் தூக்குவாளியிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டார். திரும்பி வரும்போது அவர் வேகமாக விட்டார். "மெல்லப் போ நைனா, இன்னா அவசரம், வூடு எங்க ஓடியா போவுது?" என்று கன்னியம்மா சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே மெல்ல ஓட்டினார். அன்று சாயங்காலம் எங்கள் சேரியே எங்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டது. ஒவ்வொருத்தியாகக் கேட்கக் கேட்கக் கன்னியம்மா முதலிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மணல் மூட்டை என்று நீ குத்திக்காட்டியதை நான் மறக்கவில்லை. ஆனால் நீ அங்கே இருந்து பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டாய்.

லோகநாதன்


மாரிக்குப்பம்
5-3-1934

தம்பிக்கு,

புளிச்சோறு வரைக்கும் படித்தேன், சந்தோஷம். உன் மாமாவும் கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெட்டிக் கொட்டகையில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கடல் எந்தப் பக்கம் தெரியும் என்றும் கேட்கச் சொன்னார். தங்கவயலில் பிறந்து தங்கவயலிலேயே குழிக்குள் கிடக்கிறவர், கடலைப் பார்த்ததில்லை.

"பாத்துக்கலாம்" என்று சொன்னவரிடம் எப்போது என்று கேள். நாள் தெரியாமல் இங்கே வேலையை விட முடியாது. விட்டால் வீடு போய்விடும். நேற்று தலையணை உறையில் ரத்தம் பார்த்தேன். அவர் வெற்றிலைக் காவி என்கிறார். அவர் வெற்றிலை போட்டு எத்தனையோ காலமாகிறது.

பூவம்மா


புளியந்தோப்பு
19-3-1934

அக்கா,

ஒரு சிக்கல் வந்திருக்கிறது. உன்னிடம் யோசனை கேட்கவே எழுதுகிறேன்.

நாங்கள் போன அந்த அரக்கு நிற வண்டி யாருக்காகச் செய்தது தெரியுமா? தண்டையார்பேட்டையில் மிளகாய் மண்டி வைத்திருக்கிற உச்சிமாகாளி என்ற தெற்கத்தி வியாபாரிக்கு. மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பை அந்தக் காரில் நடத்துவதற்காகத்தான் நிறம் சொல்லி வாங்கினார். நாங்கள் அவருடைய மண்டி வழியாகத்தான் போனோம். எனக்கு என்ன தெரியும்? மண்டிக் கணக்குப்பிள்ளை நிறத்தை வைத்து வண்டியை அடையாளம் கண்டுகொண்டார். எங்களையும் அடையாளம் கண்டுகொண்டார், ஏனென்றால் கன்னியம்மாவின் தம்பி அந்த மண்டியில் மூட்டை தூக்குகிறான். எப்படியோ பேச்சு மாப்பிள்ளை வீடு வரைக்கும் போய்விட்டது. சேரிக்காரர்கள் உட்கார்ந்த சீட்டில் எங்கள் பிள்ளை உட்காரமாட்டான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

உச்சிமாகாளி கம்பெனிக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் சத்தமே போடவில்லை. "எனக்கு ஒண்ணும் கிடையாதுய்யா. நான் பாக்காத சனமா? சம்பந்தி வீட்டுக்காரங்க ஒரு மாதிரி. கல்யாணத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்?" என்றாராம். வேறு வண்டி தருகிறோம் என்றால் முகூர்த்தத்துக்குள் அந்த நிறத்தில் இன்னொன்று முடியாது. சீட்டை மாற்றித் தருகிறோம் என்றால், மாற்றினால் நடந்தது உண்மை என்று ஆகிவிடும் என்கிறார். சீட்டுத் தோலைத் தைத்ததே நான்தான், அக்கா. மாட்டை உரித்தது நம்மவர்கள், தோலைப் பதனிட்டது நம்மவர்கள், தைத்தது நான். அதெல்லாம் யாருக்கும் தடையில்லை. அதன்மேல் கன்னியம்மா உட்கார்ந்ததுதான் தடையாம்.

தேவப்பிரியம் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகத்தில் தூக்கமே இல்லை. இது பெரிதானால் சவாரியையும் டீயையும் சேர்த்துப் பெரிய துரை நிறுத்திவிடுவாராம், இவர் வேலைக்கும் ஆபத்தாம். "ஒரே ஒரு வார்த்தை, லோகநாதன். மாப்பிள்ளையோட தாய்மாமன் வருவாரு. அன்னிக்கு வண்டியில மணல் மூட்டைதான் இருந்தது, நீங்க வாசல்ல நின்னு போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டீங்கன்னு நீயே உன் வாயால சொல்லிடு. அவங்களுக்கும் ஒரு சொல்தான் வேணும்" என்றார். பிறகு பெட்டிக் கொட்டகை வேலை அடுத்த மாதமே காலியாகிறது என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்துச் சொல்லவில்லை. அடுத்தடுத்துச் சொன்னார்.

கன்னியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் என்ன செய்ய?

லோகநாதன்


மாரிக்குப்பம்
24-3-1934

லோகநாதா,

சொல்லிவிடு.

வேறொரு நாளாக இருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அந்தத் தாய்மாமன் முகத்தில் துப்பிவிட்டு வா என்றுகூட எழுதியிருப்பேன், என்னை உனக்குத் தெரியும். ஆனால் நான் இப்போது ஒரு மனிதன் மூச்சு விடுகிறதை இரவும் பகலும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சவாரி போனதை இல்லை என்று சொல்வதால் யார் சாகப் போகிறார்கள்? இங்கே ஒருவர் செத்துக்கொண்டிருக்கிறார்.

கன்னியம்மா கோபிப்பாள். கோபிக்கட்டும். அவள் காலில் வேண்டுமானாலும் நான் வந்து விழுகிறேன். நீ சொல்லிவிட்டு, நாள் குறித்து எழுது.

பூவம்மா


புளியந்தோப்பு
8-4-1934

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஆபீஸ் அறையில் தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உச்சிமாகாளி, தேவப்பிரியம் ஐயா, நான் மூன்று பேரும் நின்றோம். வண்டியில் மணல் மூட்டை இருந்தது என்று சொன்னேன். அது பொய்யில்லை, ஒரு மூட்டை இருக்கத்தான் செய்தது. நடந்து போகும்போது அப்படித்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த மனிதர் விடவில்லை. "உன் பொஞ்சாதி ஏறலியா?" என்று நேராகவே கேட்டார். ஏறவில்லை என்றேன். "நீ?" என்றார். நானும் ஏறவில்லை என்றேன். "பிள்ளை?" என்றார். வேம்புவும் ஏறவில்லை என்றேன். அவருக்கு உண்மை தெரியும், அக்கா. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு பெயராகக் கேட்டு, என் வாயாலேயே ஒவ்வொருவராக வண்டியிலிருந்து இறக்கிவிட வைத்தார்.

வெளியே வந்ததும் உச்சிமாகாளி எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். "நல்லாயிருப்ப, தம்பி" என்றார். குடித்துவிட்டுக் கடைக்காரனிடம் பாட்டிலைக் கொடுக்கப் போனேன். "வேண்டாம், அத நீயே வச்சுக்க, நான் காசு கொடுத்துக்கிடுதேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாட்டிலை வழியில் சாக்கடையில் போட்டுவிட்டேன்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. மண்டியில் இருக்கிற மைத்துனன் சொல்லியிருக்கிறான். குழாயடியில் ஒருத்தி கன்னியம்மாவைப் பார்த்து, "இன்னாமே, கார்ல போனேன்னு கதை வுட்டுகினு இருந்தியே? உன் வூட்டுக்காரரே போவலைன்னுட்டாராமே" என்று எல்லார் முன்னாலும் சிரித்திருக்கிறாள். கன்னியம்மா குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மாமாவுக்காகத்தான் என்று சொன்னேன். உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள். "அண்ணனுக்காவ நீ எந்தப் பொய்ய வேணா சொல்லுய்யா. நான் வேணான்னு சொல்லமாட்டேன். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம் இல்ல? என்னை மணல் மூட்டைன்னு அவனுங்க சொல்லல, நீ சொன்ன" என்றாள். அதிலிருந்து சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

கம்பெனி வாசலில் மாட்டியிருந்த எங்கள் போட்டோவைக் கழற்றிவிட்டார்கள். குடும்ப சவாரியும் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக நம் சேரிப் பிள்ளைகளுக்குக் கம்பெனி சிலேட்டுப் பலகை வாங்கிக் கொடுத்தது. எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

மாமாவுக்கு வேலை உறுதி. இந்த மாதக் கடைசியில் வந்து சேரச் சொன்னார்கள். இன்னொன்று, கம்பெனி புதிதாக ஒரு டாக்டரை வைத்திருக்கிறது. சேருகிறவர்களை எல்லாம் இலவசமாகப் பார்ப்பாராம். எனக்கு அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. மாமாவுக்கு மருந்தும் கையோடு கிடைத்துவிடும். உடனே அனுப்பி வை.

லோகநாதன்


மாரிக்குப்பம்
23-4-1934

தம்பிக்கு,

உன் மாமா நாளை ரயில் ஏறுகிறார். சுரங்கத்தில் வேலையை விட்டுவிட்டார். அவருடைய நம்பர் தகட்டை ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது வெறுங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டை மாதக் கடைசியில் காலி செய்யச் சொன்னார்கள். அவர் முதல் சம்பளம் வாங்கி வீடு பார்க்கிற வரைக்கும் நான் இங்கே இருக்கிற நம் சங்கத்து ஆள் ஒருவர் வீட்டின் பின்கட்டில் ஒதுங்கிக்கொள்கிறேன்.

கன்னியம்மாவுக்குத் தனியாக ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். நீ படிக்காதே, அவளையே படிக்கச் சொல். அவளுக்குப் படிக்க வராதென்றால் வேம்புவைப் படிக்கச் சொல். நீ வேண்டாம்.

ராத்திரியில் அவருக்குத் தலையை உயர்த்தி வைக்க வேண்டும். ஒரு தலையணை போதாது, இரண்டு வை.

பூவம்மா


புளியந்தோப்பு
6-5-1934

அக்கா,

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாமா வந்து சேர்ந்த மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டு போனேன். கன்னியம்மா அவருக்கு என் வேட்டியை வெளுத்துக் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள். வழியெல்லாம் இருமலை அடக்கிக்கொண்டு வந்தார். கம்பெனி வாசலுக்கு வந்ததும், "கடல் வாசனை வருதே மச்சான்" என்று சொல்லிச் சிரித்தார்.

டாக்டர் நல்லவர்தான். குழலை நெஞ்சில் வைத்து, முதுகில் வைத்து, மூச்சை இழு, விடு என்று பொறுமையாகப் பார்த்தார். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். பிறகு மாமாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் வேலைக்கு ஆகாது என்றார். காசமும் சேர்ந்திருக்கிறது போல என்றார். பெட்டிப் பலகை அடுக்கக்கூட முடியாதா என்று கேட்டேன். முடியுமோ முடியாதோ, மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்றார்.

நான் தேவப்பிரியம் ஐயாவிடம் ஓடினேன். நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "கம்பெனி ஒரு குடும்பம்னு நான் சொன்னேன்ல, லோகநாதன். அந்தக் குடும்பத்த நோயிலேர்ந்து காப்பாத்தத்தானே டாக்டரையே கேட்டு வாங்கினேன்? முதல் ஆளுக்கே விதிய மீறச் சொன்னா எப்படி?" என்றார். நானும் உண்மையை மீறித்தானே அன்றைக்குப் பேசினேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்கும் அங்கே வேலை வேண்டும்.

மாமா வெளியே உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். துறைமுகத்துப் பக்கமாகக் கூட்டிப்போய் கடலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "பெருசா கீது" என்றார், நம்மூர்ப் பேச்சைப் போலவே பேசிக் காட்டி. அவ்வளவுதான்.

இங்கேயே இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நான் சொன்னேன், கன்னியம்மாவும் சொன்னாள். ராயபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள், நல்ல சாப்பாடும் ஓய்வும் வேண்டும் என்றார்கள். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. வேம்பு பக்கத்தில் படுக்கிறாள் என்பதை மாமாதான் கவனித்தார். வந்த நாலாம் நாளிலிருந்து வெளியே வாசலில் போய்ப் படுத்துக்கொண்டார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. நேற்று நான் வேலைக்குப் போயிருந்தபோது கன்னியம்மாவிடம் சொல்லிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். அவள் கூடவே நடந்துபோய் ரயில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் என்னிடம் பேசினாள். "நான் மணல் மூட்டையாவே இருந்துட்டுப் போறேன்யா, அண்ணனுக்கு வேலை கிடைச்சிருந்தா போதும்" என்றாள்.

அங்கே வந்து சேர்ந்தாரா என்று உடனே எழுது. கம்பெனி டாக்டரை நம்பி அவரை அனுப்பச் சொன்னது நான்தான். என்னைத் திட்டியாவது எழுது.

லோகநாதன்


மாரிக்குப்பம்
21-5-1934

தம்பி லோகநாதனுக்கு,

வந்து சேர்ந்தார். உன்னைத் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. சொல்லிவிடு என்று எழுதியவள் நான். அதை நீ கிழித்துப் போட்டிருந்தாலும் நான் எழுதினது எழுதினதுதான். கன்னியம்மா ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள் என்று அவர் சொன்னார். அவருக்கு வழியில் சாப்பிடக் கட்டிக் கொடுத்ததையும் சொன்னார். அவளை இனிமேலாவது கேட்டுக்கொண்டு செய்.

வந்த இரண்டு நாளும் படுத்தே இருந்தார். பிறகு எழுந்து சுரங்க ஆபீசுக்குப் போனார். அவருடைய பழைய நம்பர் வேறொருவனுக்குப் போய்விட்டது. திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஒதுங்கியிருக்கிற பின்கட்டையும் எத்தனை நாளைக்குக் கேட்பது? அவர்களுக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இருமல் சத்தம் கேட்டால் அந்தம்மா பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். குற்றம் சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் இழுத்துக்கொண்டிருப்பேன்.

சுரங்கத்தில் ரொம்ப ஆழத்தில், புதிதாகப் பாறை உடைக்கிற இடத்தில், காண்டிராக்ட்காரன் ஒருவன் தனியாக ஆள் எடுக்கிறான். அங்கே போய் நின்றார். நானும் கூடப் போனேன். அந்த ஆள் எந்த ஊர் என்று கேட்கவில்லை. எந்தச் சாதி என்றும் கேட்கவில்லை. நெஞ்சில் எதையும் வைத்துப் பார்க்கவில்லை, மூச்சை இழுத்து விடச் சொல்லவில்லை. இவர் அவன் எதிரிலேயே இருமினார், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துளை போடத் தெரியுமா என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றார். உடனே எடுத்துக்கொண்டான். படுக்க ஒரு குடிசையும் கொடுத்திருக்கிறான்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லுவதற்கு வேறு இடம் ஒன்று கையில் இருந்தால்தானே சொல்லலாம். ராத்திரி இரண்டு பேரும் படுத்திருந்தோம். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் தூங்கவில்லை என்று அவருக்கும் தெரியும்.

இன்று காலைச் சங்கு ஊதினதும் கிளம்பினார். வேலி வரைக்கும் நானும் போனேன். சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டில் ஆட்களை நெருக்கி நிறுத்தினார்கள். இவர் நடுவில் இருந்ததால் முகம் தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது. கூண்டு இறங்க ஆரம்பித்த பிறகும் கொஞ்சம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

பூவம்மா